மாரிப் உப்பும் அரிட்டாபட்டி மலையும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு யமன் நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பெயர் அப்யள் பின் ஹம்மால் (ரலி). சபா நாட்டாரின் பழைய அணைக்கட்டினால் பெயர் பெற்ற மாரிப் என்னும் ஊரில் உள்ள உப்புப் படுகையைத் தமக்கு உரிமையாக்கித் தருமாறு அவர் வேண்டினார். பெருமானார் அவ்வாறே வழங்கினார்கள். அவர் எழுந்து சென்றதும் அவையில் இருந்த ஒருவர், வழங்கப்பட்ட பொருள் இன்னதென்பதைப் பெருமானாருக்கு எடுத்துரைத்தார். பாடுபட்டு அகழ்ந்தெடுக்க வேண்டிய சுரங்கமல்ல அது, வற்றாத ஊற்றைப் போன்றது, வருவோரெல்லாம் அள்ளிச் செல்வது என்பது அவர் கூற்றின் கருத்து. அதனைக் கேட்ட பெருமானார், வழங்கியதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள்.

அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இந்நிகழ்ச்சி இடம் பெற்றுள்ளது. எடுத்துரைத்தவர் அக்ரஉ பின் ஹாபிஸ் (ரலி) என்றும், இஸ்லாத்திற்கு முற்பட்ட காலத்திலேயே அந்த உப்புப் படுகைக்குச் சென்று வந்தவர் என்றும் இப்னு மாஜாவின் அறிவிப்பு கூறுகிறது. இடத்தைக் கண்ணால் கண்டவர் பேசினார், ஆட்சித் தலைவர் கேட்டார்கள், உரிமம் திரும்பியது. நம் ஜும்ஆ மேடைகளில் அதிகம் எடுத்துச் சொல்லப்படாத இந்த வரலாறு, சென்ற ஓரிரு ஆண்டுகளாக என் நினைவில் அடிக்கடி எழுகின்றது. காரணம், மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டி.

அரிட்டாபட்டி ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். அங்கே எழுபத்திரண்டு ஏரி குளங்களும், இருநூறு அளவில் இயற்கைச் சுனைகளும் இருப்பதாக அரசாங்கமே கணக்கிட்டுள்ளது. சமணத் துறவியரின் கற்படுக்கைகளும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் அந்தக் குன்றுகளில் உள்ளன. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்குக் காணப்படுகின்றன. அரிய வல்லூறுகள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. தேவாங்கும் எறும்புத்தின்னியும் மலைப்பாம்பும் அங்கு வாழ்கின்றன. இவற்றையெல்லாம் கருதியே தமிழக அரசு 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களில் 193.21 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 7ஆம் நாள், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 20.16 சதுர கிலோமீட்டர் நிலத்திற்கான ஏலத்தின் முடிவை மத்திய சுரங்க அமைச்சகம் வெளியிட்டது. பாரம்பரியத் தலம் முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்கியிருந்தது. ஊர் மக்கள் செய்தித்தாள் வாயிலாகவே இதனை அறிந்தனர். அதன் பின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அந்த நவம்பர் மாதத்திலேயே கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் நாள் மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை தல்லாகுளம் நோக்கிச் சென்றனர். ஜனவரி 23ஆம் நாள் ஏலம் ரத்து செய்யப்பட்டது.

யார் யாருக்கு எப்போது கடிதம் எழுதினார்கள், மாநில அரசு முன்னரே எதிர்த்ததா இல்லையா என்னும் வழக்கு ஒன்று அப்போது எழுந்தது. அந்தக் கடிதங்களின் தேதிகளை ஆராய்வதில் எனக்கு ஆர்வமில்லை. வேறொரு கேள்வியே என்னை உறுத்துகின்றது. ஒரு நிலம் ஏலத்திற்கு வருமுன் அங்கே ஆய்வு நடைபெறுகின்றது. நிலவியலார் வருகிறார்கள், பாறையின் மாதிரிகளை எடுக்கிறார்கள், வரைபடம் தீட்டுகிறார்கள், எந்த உலோகம் எவ்வளவு இருக்கக் கூடும் என மதிப்பிடுகிறார்கள். இத்தனை ஆய்வுக்குப் பின்னும், பாறையின் மேலே என்ன இருக்கின்றது என்பது ஏலம் முடிந்த பிறகு தெருவில் நின்று சொல்ல வேண்டிய செய்தியாக இருந்தது எவ்வாறு? ரத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2024 டிசம்பரில், பல்லுயிர்த் தலத்தை நீக்கி எல்லையை மறுபடியும் வரையலாமா எனப் பார்க்குமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை அமைச்சகமே கேட்டுக் கொண்டது. முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டார்கள்.

கனிமமே தோண்டக் கூடாது என்று நான் சொல்வதாக எண்ணி விடாதீர்கள். டங்ஸ்டன் உலோகங்களுள் மிக உயர்ந்த உருகுநிலை உடையது. 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். பழைய குண்டு பல்புகளின் இழை அதனால் ஆனது. உங்கள் வீட்டுக் கொல்லையில் ஆழ்துளைக் கிணறு போட வந்த வண்டியின் துளைக்கருவியில் பதிந்திருக்கும் பற்களும் டங்ஸ்டன் கார்பைடே. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவின் கையில் உள்ளது. 2025 பிப்ரவரியில் அந்நாடு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. நமக்கென்று சொந்தக் கனிமம் வேண்டும் என ஓர் அரசாங்கம் நினைப்பது குற்றமாகாது.

நம் மார்க்கமும் இதனைக் குற்றமென்று கருதவில்லை. இரும்பின் பெயரால் ஓர் அத்தியாயமே திருமறையில் உண்டு. மாரிப் உப்பைத் திரும்பப் பெற்ற அதே பெருமானார், மதீனாவுக்கும் மக்காவுக்கும் இடைப்பட்ட ஃபுர்உ பகுதியைச் சேர்ந்த கபலிய்யாச் சுரங்கங்களைப் பிலால் பின் ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்கு வழங்கினார்கள். அவற்றிலிருந்து ஜகாத் பெறப்பட்டு வந்த செய்தி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் உள்ளது. ஒன்றை வழங்கி, மற்றொன்றைத் திரும்பப் பெற்றதன் காரணத்தை ஃபிக்ஹு நூலார் ஆராய்ந்தனர். ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ, ஆட்சி நெறி பற்றிய தமது நூலில் கனிமங்களை இரு வகையாகப் பிரிக்கிறார். உப்பு, சுர்மாக் கல், கீல் போல வெளிப்படையாகக் கிடப்பவை ஒரு வகை. இவை தண்ணீரைப் போன்றவை. இவற்றில் எல்லோருக்கும் பங்குண்டு என்பதால், ஆட்சியாளர் ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தல் செல்லாது. பொன், வெள்ளி, இரும்பு போல மண்ணுள் மறைந்து, உழைத்து எடுக்க வேண்டியவை மற்றொரு வகை. இவற்றை வழங்குவது பற்றி இரு கருத்துகள் உண்டு.

இவ்விடத்தில்தான் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அரிட்டாபட்டியின் டங்ஸ்டன் மறைந்து கிடக்கும் கனிமம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வெற்றிடத்தில் மறைந்து கிடக்கவில்லை. அதன் மேலே பாறை, பாறையின் மேலே சுனை, சுனைக்குக் கீழே குளம், குளத்தை நம்பி வயல் என ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மழை பாறையில் விழுந்து வடிந்து குளங்களுக்கு வருகின்றது. பாறையைப் பிளந்தால் அந்த வடிகால் அறுந்து போகும். எனவே உள்ளே மறைந்திருப்பதை ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும்போது, வெளிப்படையாக இருப்பதையும் நாம் அறியாமலேயே சேர்த்து எழுதிக் கொடுத்து விடுகிறோம். முன்னோர் பிரித்து வைத்த இரண்டு வகைகளும் ஒரே நிலத்தில் ஒன்றன்மீது ஒன்றாக இருக்கும்போது, மேலே உள்ள பொதுப் பொருளுக்கே முதலுரிமை என்று கொள்வதுதான் மாரிப் நிகழ்ச்சியின் கருத்துக்கு ஒத்ததாக எனக்குத் தோன்றுகிறது. தண்ணீரிலும் மேய்ச்சலிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்ற நபிமொழியை அறிந்த ஆலிம்கள், இதனை மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். மறுப்பார்களாயின் அவர்கள் கருத்தையும் கேட்க ஆவலாயிருக்கிறேன்.

ஏலம், சுரங்கம் என்ற நிலைக்குச் செல்லும் முன், ஆய்வு என்னும் முதற் படியிலேயே நிலம் புண்படுவதும் உண்டு. அதற்குக் கடலுக்கு அப்பால் நம் தமிழ் பேசும் மக்கள் வாழும் மன்னார்த் தீவைப் பாருங்கள். இராமேசுவரத்திற்கு எதிரே, ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கும் மணல் திட்டு அது. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்னும் ஊர்களில் கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் எருக்கலம்பிட்டியாரும் அடங்குவர். புத்தளம் பகுதியில் அகதிகளாகக் காலம் கழித்த அவர்களுள் பலர், 2009இல் போர் முடிந்த பின்னரே சொந்தக் கிணற்றடிக்குத் திரும்பினர்.

அந்தக் கிணற்றைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். மன்னாரில் ஆறு இல்லை. மணலில் இறங்கும் மழை நீர், கனமான கடல் நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேலே ஓர் அடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. இதனைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு நீர் 40 அடி ஏறி வரும். இத்தனை மெல்லிய சமநிலையில் அத்தீவின் குடிநீர் தங்கியிருக்கிறது.

அந்த மணலில் இல்மனைட் என்னும் கருமணல் உள்ளது. அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடி கிடைக்கும். நம் வீட்டுச் சுவரின் வெள்ளைப் பூச்சும், காகிதத்தின் வெண்மையும், பற்பசையின் வெண்மையும் பெரும்பாலும் அதுவே. ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் ஆய்வு உரிமம் பெற்று, தீவெங்கும் ஆயிரக்கணக்கான துளைகளை இட்டு மணலைச் சோதித்தது. இன்னும் சுரங்கம் தோண்டப்படாத நிலையிலேயே, துளைகளுக்குப் பின் தங்கள் கிணறுகளில் உவர்ப்பு ஏறிவிட்டதாக ஊரார் முறையிடத் தொடங்கினர். 2025இல் காற்றாலைத் திட்டத்தையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் நகரில் மக்கள் பல வாரங்கள் தொடர்ந்து அமர்ந்திருந்தனர். பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் ஒரே கோரிக்கையில் சேர்ந்து நிற்பது அந்த நாட்டில் அவ்வளவு எளிதாகக் காணக் கூடிய காட்சியல்ல.

உவர்ப்புக்குத் துளைகளே காரணமா என்பதை அளந்துதான் தீர்ப்புக் கூற முடியும். அளப்பதற்கோ, துளையிடுமுன் கிணறுகள் எப்படி இருந்தன என்ற பதிவு வேண்டும். முதற் துளைக்கு முன்பே ஒவ்வொரு கிணற்றின் நீரையும் சோதித்து எழுதி வைத்து, அந்த ஏட்டின் ஒரு படியை ஊராரிடமும் கொடுத்திருந்தால், பின்னால் யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்ல வேண்டியதில்லை. இது பெரிய செலவும் ஆகாது. ஆய்வை நேர்மையாகச் செய்வதற்குரிய வழிகள் நிலவியலாருக்குத் தெரியாதவை அல்ல. வானிலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் பெறும் படங்களைக் கொண்டு இடத்தைச் சுருக்கிக் கொள்ளலாம். பாதை வெட்டாமல் ஆட்கள் சுமந்து செல்லக் கூடிய சிறிய துளைக்கருவிகள் உள்ளன. பறவைகள் கூடு கட்டும் பருவத்தைத் தவிர்க்கலாம். நீர் தாங்கும் மண்ணடுக்கைத் துளை கடக்கும் இடத்தில் குழாயிட்டு அடைக்கலாம். வேலை முடிந்ததும் துளையை அடிமுதல் நுனிவரை நிரப்பி மூடலாம், மூட வேண்டும். மூடாத துளை என்ன செய்யும் என்பதை, 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே ஒரு குழந்தைக்காக நாடே விழித்திருந்த அந்த நாட்களுக்குப் பிறகு தமிழர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. அது உழவர் ஒருவரின் கைவிடப்பட்ட கிணறுதான். ஆயினும் மண்ணுக்கு எந்தத் துளை யாருடையது என்று தெரியாது.

தமக்கும் தீங்கு கூடாது, பிறர்க்கும் தீங்கு கூடாது என்பது நம் சட்ட நூலார் எல்லோரும் ஏற்றுக் கொண்ட நபிவழி விதி. தீங்கு நேர்ந்த பின் இழப்பீடு கொடுப்பதைக் காட்டிலும், நேருமுன் தடுப்பதையே அவர்கள் மேலாகக் கருதினர். பக்கத்து வீட்டுக் கிணற்று நீரைக் கெடுக்கும்படியாகத் தன் நிலத்திலும் குழி தோண்டலாகாது என்ற அளவுக்கு அவர்கள் நுணுகிப் பேசியுள்ளனர்.

இவ்வளவும் நான் எழுதக் காரணமான செய்திக்கு இப்போது வருகிறேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8ஆம் நாள் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், நாட்டிற்கு இன்றியமையாதவை எனப் பட்டியலிடப்பட்ட கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றும், பரப்பு எவ்வளவாயினும் மத்திய அரசின் மட்டத்திலேயே பரிசீலனை நடைபெறும் என்றும் அது கூறிற்று. நாட்டின் பாதுகாப்பும் அவசரமும் காரணமாகக் காட்டப்பட்டன. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் உள்ளது. டைட்டானியமும் உள்ளது. நம் கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட், அணுக் கனிமமாகும். அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறுமாறு தமிழக அரசு கோரியது.

நிபுணர் குழு இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கின்றனர். நிபுணர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மாரிப் உப்பின் தன்மையைப் பெருமானாருக்குச் சொன்னவர், அந்த இடத்திற்குப் போய் வந்தவர் என்பதற்காகவே பேசத் தகுதி பெற்றார். அவையில் அவர் பேசினார், அவரைப் பேச விட்டார்கள். வஹீயின் ஒளியில் நடந்த ஆட்சியிலேயே அவையில் இருந்த ஒருவருடைய சொல்லுக்கு இடம் இருந்திருக்கிறது. நம் காலத்து அமைச்சகம் ஒன்று, இனி அந்த இருக்கையே அவையில் வேண்டாம் என்று எடுத்து விட்டால், அரிட்டாபட்டியின் சுனைகளை அறிந்தவர் எங்கே போய்ச் சொல்வார்? மறுபடியும் தெருவில்தான். கருத்துக் கேட்பினால் காலம் வீணாகும் என்பவர்கள், கேட்காமல் நடத்திய ஏலத்தினால் எவ்வளவு காலமும் பொருளும் வீணாயின என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஏலத்தில் வென்றவருக்கு இழப்பு நேரிடாதா என்ற கேள்வியும் நியாயமானதே. அப்யள் (ரலி) அவர்கள் வெறுங்கையுடன் அனுப்பப்படவில்லை. தாம் பெற்ற உரிமையை விட்டுக் கொடுக்கும்படி பெருமானார் கேட்டபோது, தமது தருமமாக அது மக்களுக்கு இருக்கட்டும் என்று சொல்லி அவர் இசைந்தார். அதற்கு ஈடாக ஜுர்ஃப் என்னும் இடத்தில் நிலமும் பேரீச்சந்தோப்பும் அவருக்கு வழங்கப்பட்டன. வழங்கியவருக்கும் இழுக்கில்லை, பெற்றவருக்கும் இழப்பில்லை.

தமிழகத்தில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகின்றது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜமாஅத் கூட்டம் என்றால் தவறாது செல்லும் நம்மவருள் எத்தனை பேர் அந்தச் சபையில் கையொப்பமிட்டிருக்கிறோம்? மேலூர் வட்டத்து மக்களின் முதல் எதிர்ப்புக் குரல் ஏட்டில் பதிவானது அங்கேதான். உங்கள் ஊரிலும் ஒரு நாள் யாரேனும் வரைபடத்துடன் வரக் கூடும். ஊரிலுள்ள ஊருணிகள், கிணறுகள், சுனைகள், மேய்ச்சல் நிலங்கள் ஆகியவற்றின் பெயர்களையும் எல்லைகளையும், எந்தக் கிணறு எந்த மாதத்தில் இனிக்கும், எது கோடையில் உவர்க்கும் என்பதையும் ஒரு பட்டியலாக எழுதி, அந்தச் சபையின் தீர்மான ஏட்டில் இப்போதே சேர்த்து வையுங்கள். கிணற்றின் சுவையை ஆண்களை விடப் பெண்களே நன்கு அறிவர். அடுத்த கூட்டத்திற்குச் செல்லும்போது உங்கள் தாயாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.